ரேகன்ஸ்பர்க்கில் இரண்டு நாள்: பிசாசு கட்டிய பாலமும், சம்பளம் கேட்டு வந்த கெப்ளரும்

ஒரு சேவல், ஒரு கோழி, ஒரு நாய். ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரத்தில் டான்யூப் நதிக்கு மேல் நிற்கும் கல் பாலத்தை முதன்முதலில் கடந்தவை இந்த மூன்றும்தான் என்கிறது அந்த ஊர்க் கதை.

ஊரில் ஒரு சிற்பி பேராலயம் கட்டிக்கொண்டிருந்தாராம். அவருடைய சீடர் பாலம் கட்டிக்கொண்டிருந்தாராம். யார் முதலில் முடிப்பது என்று இருவருக்கும் பந்தயம். தான் தோற்றுவிடுவோம் என்று பயந்த சீடர், பிசாசிடம் போய் உதவி கேட்டார். பாலத்தை முதலில் கடக்கும் மூன்று உயிர்கள் தனக்கு வேண்டும் என்றது பிசாசு. சீடர் தலையாட்டினார். பாலம் மளமளவென்று எழும்பியது. திறப்பு நாளன்று ஊரே கூடி நிற்க, சீடர் ஒரு சேவலையும் கோழியையும் நாயையும் பாலத்தில் துரத்திவிட்டார். ஏமாந்துபோன பிசாசு, ஆத்திரத்தில் பாலத்தைக் கீழிருந்து முட்டித் தள்ளியதாம். அதனால்தான் பாலத்தின் நடுப்பகுதி இன்றும் கூன் போட்டதுபோல மேலே எழும்பி நிற்கிறதாம்.

கதை ஜோராக இருக்கிறது. கணக்குதான் உதைக்கிறது. பாலம் கட்டி முடிக்கப்பட்டது 1146-ல். இப்போது இருக்கும் பேராலயத்துக்கு அடித்தளம் போட்டதே அதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1270-களில். பந்தயம் நடந்திருக்க வழியே இல்லை. ஆனாலும் ரேகன்ஸ்பர்க்கின் குழந்தைகள் இந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள்.

ஜெர்மனி என்றதும் பெர்லின், மியூனிக், ஃபிராங்க்ஃபர்ட் என்றுதான் பெரும்பாலானவர்களுக்கு நினைவு வரும். ஆனால் அந்த நாட்டின் பழைய முகத்தை அவசரமில்லாமல் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, இரண்டே நாளில் நடந்தே சுற்றி முடிக்கக்கூடிய ஊர் ரேகன்ஸ்பர்க். பவேரியா மாநிலத்தில், டான்யூப் தன் நெடும் பயணத்தில் வடக்கே தொடும் கடைசிப் புள்ளியில் இந்த நகரம் இருக்கிறது. இங்கேதான் ரேகன் என்ற சிறிய ஆறு டான்யூபில் வந்து கலக்கிறது. ஊருக்குப் பெயர் வந்ததும் அந்த ஆற்றால்தான். ஜெர்மன் மொழியில் 'ரேகன்' என்றால் மழை என்றும் பொருள். கையில் குடை இருப்பது நல்லது.

மியூனிக்கிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். நியூரம்பெர்க்கிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். ரயில் நிலையத்திலிருந்து பழைய ஊருக்குள் நடந்தே போய்விடலாம். 2006-ல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தையும், நதிக்கு அக்கரையில் இருக்கும் ஸ்டாட்டாம்ஹோஃப் பகுதியையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

முதல் நாள் காலை: பதினோரு ஆண்டில் ஒரு பாலம்

பயணத்தைப் பாலத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் நதியின் மேல் மூடுபனி கலையாமல் இருக்கும். பாலத்தில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களையும், பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் பார்க்கலாம். கார்களுக்கு இங்கே எப்போதோ தடை போட்டுவிட்டார்கள். இப்போது பேருந்துகளும் கிடையாது.

1135-ல் வேலை தொடங்கியது. அந்த ஆண்டு கோடையில் கடும் வறட்சி. டான்யூபில் தண்ணீர் வெகுவாக இறங்கிவிட்டது. ஆற்றுக்குள் தூண் இறக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பதினோரு ஆண்டில், 300 மீட்டருக்கும் கூடுதலான நீளத்தில், பதினாறு வளைவுகளோடு பாலம் எழுந்தது. அடுத்த ஆண்டே, 1147-ல், இரண்டாம் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட படைகள் இங்கேதான் டான்யூபைக் கடந்தன. அதன்பிறகு சுமார் 800 ஆண்டுகள் இந்த நகரத்துக்கு டான்யூபைக் கடந்து அக்கரை சேர இருந்த ஒரே பாலம் இதுதான்.

வியாபாரம் பெருகியதும் பாலத்தால்தான். வெனிஸிலிருந்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்த பட்டும் மசாலாவும் இந்த வழியாக வடக்கே போயின. ஊர் பணக்கார ஊரானது. 1245-ல், பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரம் என்ற தகுதியும் கிடைத்தது. விசித்திரம் என்னவென்றால், பாலத்தின் அக்கரையில் இருந்த ஸ்டாட்டாம்ஹோஃப் பவேரியா மன்னர்களின் ஊர். அதாவது பாலத்தைக் கடந்தால் வேறு ஆட்சி. இரண்டு ஊரும் ஒன்றானது 1924-ல்தான்.

பாலத்தின் தூண்களைச் சுற்றித் தீவுகள்போலப் பெரிய கற்பாதங்கள் இருப்பதைக் கவனிக்கலாம். தூண்களை ஆறு அரித்துவிடாமல் இருக்கப் போட்ட காப்பு அது. ஆனால் அதனால் தண்ணீர் போகும் வழி குறுகி, வளைவுகளுக்குக் கீழே நதி சுழித்துக்கொண்டு பாய்கிறது. கரையில் நின்றால் அந்த இரைச்சல் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். படகோட்டிகளுக்கு இந்தச் சுழல் பல நூற்றாண்டுகளாகச் சிம்மசொப்பனம். இப்போது பெரிய சரக்குக் கப்பல்கள் நகரத்தின் வடக்கே வெட்டப்பட்ட கால்வாய் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடுகின்றன. சுற்றுலாப் படகுகள் மட்டும் பயணிகளை ஏற்றிக்கொண்டு, சுழலுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே போய் வருகின்றன. குழந்தைகளுக்கு அதுதான் கொண்டாட்டம்.

பாலத்தின் உச்சியில், ஒரு சின்னக் கூரையின் மேல் உட்கார்ந்தபடி, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பேராலயத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவன் சிலை ஒன்று உண்டு. 'பாலத்துக் குட்டி மனிதன்' என்று ஊரார் செல்லமாக அழைக்கிறார்கள். அவன்தான் பிசாசை ஏமாற்றிய சீடன் என்று சொல்பவர்கள் உண்டு. குருநாதர் முடித்துவிட்டாரா இல்லையா என்று பார்க்கிறானாம்.

சுவரில் ஏறிய வெள்ளம்

பாலம் முடியும் இடத்தில் கடிகாரம் வைத்த ஒரு கோபுரம். பக்கத்தில் உயரமான சரிவுக் கூரையோடு பிரம்மாண்டமான பழைய உப்புக் கிடங்கு. 1616-க்கும் 1620-க்கும் இடையில் கட்டியது. இப்போது பாரம்பரியச் சின்னத்தைப் பற்றி விளக்கும் தகவல் மையம் அதற்குள் இயங்குகிறது. நகரத்தைச் சுற்றும் முன் இங்கே அரை மணி நேரம் செலவழித்தால் மற்ற இடங்கள் எளிதில் புரியும்.

கிடங்கை ஒட்டி, ஆற்றோரமாக, புகை கக்கிக்கொண்டு நிற்கிறது ஒரு குட்டி வீடு. நகரத்தின் புகழ்பெற்ற சாசேஜ் கடை. பாலம் கட்டிய காலத்தில் மேஸ்திரிகளின் அலுவலகம் இந்த இடத்தில்தான் இருந்தது என்றும், பின்னால் துறைமுகக் கூலியாட்களுக்கும் கொத்தனார்களுக்கும் சாப்பாடு போடும் சமையலறையாக மாறியது என்றும் சொல்கிறார்கள். கரி அடுப்பில் விரல் நீளப் பன்றி இறைச்சி சாசேஜ்களை வாட்டி, புளிக்க வைத்த முட்டைக்கோஸோடும் இனிப்புக் கடுகு விழுதோடும் தருகிறார்கள். கூட்டம் அலைமோதும். பதினோரு மணிக்கே போய்விடுவது புத்திசாலித்தனம்.

அசைவம் சாப்பிடாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பழைய ஊரின் எந்த உணவகத்திலும் சீஸ் சேர்த்த 'ஸ்பெட்ஸ்லே' என்ற முட்டை நூடுல்ஸ், உருளைக்கிழங்கு சூப், உப்பு தூவிய பிரெட்சல் ரொட்டி கிடைக்கும். ஆவியில் வெந்த பஞ்சுபோன்ற மாவு உருண்டையின் மேல் வெனிலா சாஸ் ஊற்றித் தரும் 'டாம்ஃப்நூடல்' பவேரியாவின் பழைய இனிப்பு. முட்டையும் தவிர்ப்பவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

இந்தக் கரையோரம் உட்கார்ந்து சாப்பிடும்போது சுவரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எந்த ஆண்டு வெள்ளம் எதுவரை ஏறியது என்று கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். சில கோடுகள் நிற்கும் ஆளின் தலைக்கு மேல் இருக்கின்றன. 2013 ஜூன் மாதத்தில் வந்த பெருவெள்ளத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை. தண்ணீர் ஏறும் என்று எச்சரிக்கை வந்ததும், கழற்றி மாட்டக்கூடிய தடுப்புச் சுவர்களைக் கரையோரம் அடுக்கிவிடுகிறார்கள். தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவி, மேஜைகளைத் திரும்பப் போட்டு, அடுப்பை மூட்டுகிறார்கள்.

முதல் நாள் மதியம்: ரோமானியர் கதவும் சிரிக்கும் தேவதையும்

கரையிலிருந்து நாலு தெரு உள்ளே நடந்தால், வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய ஒரு சுவரிலிருந்து கறுத்த பெரிய கற்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. முதல் பார்வைக்கு இடிந்த வீடு என்றுதான் தோன்றும். அது கி.பி. 179-ல் ரோமானியப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் காலத்தில் கட்டிய ராணுவக் கோட்டையின் வடக்கு வாசல். பெயர் போர்ட்டா பிரிட்டோரியா. சுமார் ஆறாயிரம் வீரர்கள் தங்கிய கோட்டை அது. காலப்போக்கில் வாசலைச் சுற்றிலும் வீடு கட்டி, சுவருக்குள் மூடிவிட்டார்கள். 1885-ல் கட்டட வேலை நடந்தபோதுதான் மறுபடி கண்ணில் பட்டது. ஆல்ப்ஸுக்கு வடக்கே இவ்வளவு உயரத்துக்கு எஞ்சி நிற்கும் ரோமானிய வாசல்கள் வெகு சொற்பம். கோட்டை கட்டிய செய்தியைச் சொல்லும் கல்வெட்டு நகரத்தின் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அங்கிருந்து இரண்டு நிமிட நடையில் பேராலயம். இரட்டைக் கோபுரங்கள் 105 மீட்டர் உயரம். 1270-களில் தொடங்கிய வேலையில் கோபுரங்கள் மட்டும் முடியாமலே கிடந்தன. பவேரியாவின் முதலாம் லுட்விக் மன்னர் முயற்சியெடுத்த பிறகு 1869-ல்தான் அவை நிறைவடைந்தன. கிட்டத்தட்ட அறுநூறு ஆண்டு வேலை! இன்றும் பேராலயத்துக்கென்று தனியாகக் கல்தச்சுப் பட்டறை இருக்கிறது. காற்றும் மழையும் அரித்த கற்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் இருட்டுக்குக் கண் பழக ஒரு நிமிடம் ஆகும். பிறகு ஜன்னல்களின் வண்ணக் கண்ணாடிகள் தெரிய ஆரம்பிக்கும். பெரும்பாலானவை 13, 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தூண் ஒன்றில் நிற்கும் தேவதைச் சிலையைத் தேடிப் பார்க்க வேண்டும். கன்னி மரியாளுக்கு நற்செய்தி சொல்ல வந்த அந்த கபிரியேல், பல் தெரியச் சிரிக்கிறார். 1280 வாக்கில் செதுக்கிய முகம். அந்தக் காலத்துத் தேவாலயச் சிலைகளில் இப்படி மனம்விட்டுச் சிரிக்கும் முகம் அபூர்வம்.

ஞாயிற்றுக்கிழமை தங்க முடிந்தால், காலை பத்து மணி ஆராதனையைத் தவறவிட வேண்டாம். 'பேராலயத்துச் சிட்டுக்குருவிகள்' என்று பெயர்பெற்ற சிறுவர் பாடகர் குழு, விடுமுறைக் காலம் தவிர்த்த நாட்களில் அங்கே பாடும். இந்தக் குழுவின் வேர் 975-ல் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே இருந்த அந்தப் பள்ளியில் 2022 முதல் பெண்பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். அவர்களுக்கென்று தனிப் பாடகர் குழுவும் உண்டு.

மதியம் பழைய தெருக்களில் சும்மா நடக்கலாம். அங்கங்கே வீடுகளுக்கு நடுவே கோபுரங்கள் நிற்கும். கோட்டைக் கோபுரங்கள் அல்ல. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் பெரு வியாபாரிகள் இத்தாலியைப் பார்த்துக் கட்டிய வீட்டுக் கோபுரங்கள். ஒருவர் கட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் அதைவிட உயரமாகக் கட்டுவார். மேல்தளங்கள் பலவற்றில் யாரும் குடியிருந்ததே இல்லை. பணம் இருப்பதை ஊருக்குக் காட்டியதோடு அவற்றின் வேலை முடிந்தது. இருப்பவற்றில் உயரமானது சுமார் 50 மீட்டர் உயரமுள்ள 'தங்கக் கோபுரம்'. இன்னொரு தெருவில், தாவீதும் கோலியாத்தும் மோதும் காட்சியை வீட்டுச் சுவர் முழுக்கத் தீட்டியிருக்கிறார்கள். புகைப்படம் எடுக்காமல் யாரும் நகர்வதில்லை.

மாலை: கிடப்பில் போடும் கலை

பழைய நகர மன்றத்தை வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும். ஆனால் கட்டாயம் பார்க்க வேண்டும். புனித ரோமப் பேரரசின் நாடாளுமன்றம் 1663-ல் இங்கே கூடியது. கூடியது கூடியதுதான், 1806-ல் பேரரசே கலைந்துபோகும்வரை கலையவே இல்லை! 143 ஆண்டுகள் நடந்த கூட்டத்தொடர். ஐரோப்பா முழுவதிலுமிருந்து தூதர்கள் வந்து இந்த ஊரில் வீடு எடுத்துத் தங்கினார்கள். ஒரு விஷயத்தைக் கிடப்பில் போடுவதை ஜெர்மன்காரர்கள் 'நீள பெஞ்சில் தள்ளிவிடுவது' என்பார்கள். இந்த மண்டபத்தின் சுவரோர பெஞ்சுகளிலிருந்துதான் அந்தப் பேச்சு வந்தது என்று வழிகாட்டிகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

சிரிப்பு கீழ்த்தளத்தில் நின்றுவிடும். அங்கே விசாரணை அறை, சித்திரவதைக் கருவிகளோடு அப்படியே இருக்கிறது. மேலே சட்டம் பேசிய அதே கட்டடத்தின் அடியில் இது. சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் இந்தப் பகுதியை யோசித்துச் செய்வது நல்லது.

மன்றத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் கெப்ளர் தெரு. கோள்கள் சூரியனை நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று உலகுக்குச் சொன்ன அதே ஜொஹான்னஸ் கெப்ளர்தான். பேரரசர்களின் கணிதராக வேலை பார்த்தவருக்குச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. மூன்று பேரரசர்களிடம் வேலை பார்த்தும் பாக்கி ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போனது. 1630-ன் குளிர் தொடங்கும் நேரத்தில், வர வேண்டிய பணத்தைக் கேட்கலாம் என்று, பேரரசர் கூட்டிய சபை நடந்த இந்த ஊருக்குக் குதிரையில் கிளம்பி வந்தார். வயது 58. வழியில் குளிர். வந்ததும் காய்ச்சலில் விழுந்தார். தெரிந்த வியாபாரி ஒருவரின் வீட்டில் படுத்தவர், நவம்பர் 15 அன்று இறந்துபோனார். பணம் கைக்கு வரவே இல்லை.

அவரை ஊர் மதிலுக்கு வெளியே இருந்த கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே முப்பதாண்டுப் போரில் அந்தக் கல்லறைத் தோட்டம் அழிந்தது. வானத்தில் ஒவ்வொரு கோளின் இடத்தையும் கணக்கிட்டுச் சொன்னவரின் கல்லறை இருந்த இடம் இன்று யாருக்கும் தெரியாது. அவர் உயிர்விட்ட வீடு இப்போது சின்ன அருங்காட்சியகம். நகரத்தின் பசுமைச் சாலையில் 1808-ல் அவருக்காக எழுப்பிய வட்ட மண்டபம் ஒன்றும் இருக்கிறது.

இரண்டாம் நாள் காலை: ஒரு சதுக்கத்தின் அடியில்

நொய்ஃபார்பிளாட்ஸ் என்பது ஊரின் நட்ட நடுவில் இருக்கும் பெரிய சதுக்கம். காய்கறிக் கடை, ஐஸ்கிரீம் கடை, பேருந்து நிறுத்தம் என்று எப்போதும் கலகலப்பு. இந்த இடத்தில் ஒரு காலத்தில் சதுக்கமே இல்லை. நெருக்கமான வீடுகளும் சந்துகளும் இருந்தன. ஜெர்மனியின் பழைமையான யூதக் குடியிருப்புகளில் ஒன்று.

1519 ஜனவரியில் பேரரசர் மாக்ஸிமிலியன் இறந்தார். யூதர்களுக்கு அவருடைய பாதுகாப்பு இருந்தது. அது போனதும், அடுத்த மாதமே நகர மன்றம் அவர்கள் அத்தனை பேரையும் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னது. குளிர்காலம். சில நாள்தான் அவகாசம். ஜெப ஆலயத்தை இடித்தார்கள். வீடுகளை இடித்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் இருந்த ஆயிரக்கணக்கான நடுகற்களைப் பெயர்த்தார்கள். சிலர் அந்தக் கற்களை வெற்றிச் சின்னம்போலத் தங்கள் வீட்டுச் சுவரில் பதித்துக்கொண்டார்கள். எபிரேய எழுத்துகளோடு அவற்றில் சில இன்றும் பழைய சுவர்களில் தெரிகின்றன. ஆல்பிரெக்ட் ஆல்ட்டோர்ஃபர் என்ற பெரும் ஓவியர் அப்போது நகர மன்ற உறுப்பினர். இடிப்பதற்கு முன் ஜெப ஆலயத்தின் உட்புறத்தைப் படமாகச் செதுக்கி வைத்தார். அந்தக் கட்டடம் எப்படி இருந்தது என்று இன்று தெரிவது, அதை இடிக்க முடிவெடுத்த மன்றத்தில் உட்கார்ந்திருந்தவரின் கையால்தான்.

1995-ல் சதுக்கத்தில் தோண்ட ஆரம்பித்தபோது நிலவறைகளும் ஜெப ஆலயத்தின் அடித்தளமும் வெளியே வந்தன. ஒரு நிலவறையில் 624 பொற்காசுகள் கிடைத்தன. யாரோ பத்திரமாக ஒளித்து வைத்தவை. திரும்ப எடுக்க யாரும் வரவில்லை. தோண்டிய பகுதியில் ஒரு பாகத்தை மூடாமல் நிலத்தடிக் காட்சிக்கூடமாக வைத்திருக்கிறார்கள். வழிகாட்டியோடு இறங்கிப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரில் கட்டிய பதுங்கு குழியின் ஒரு பகுதியும் அங்கேயே இருக்கிறது.

மேலே, ஜெப ஆலயம் நின்ற இடத்தில், இஸ்ரேலியச் சிற்பி டானி காரவன் வெள்ளைக் கான்கிரீட்டில் அதன் தரைத்தள வடிவத்தை அமைத்திருக்கிறார். 2005-ல் திறந்தது. வேலி கிடையாது. தூண்கள் இருந்த இடத்தில் உள்ள மேடைகளில் மாணவர்கள் உட்கார்ந்து மதிய உணவு சாப்பிடுகிறார்கள், குழந்தைகள் தாவி விளையாடுகிறார்கள். மக்கள் சந்திக்கும் இடமாக இருக்க வேண்டும் என்பதே சிற்பியின் விருப்பம்.

சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் புதிய ஜெப ஆலயம் இருக்கிறது. பின்னாளில் யூதர்கள் மறுபடி இந்த ஊருக்கு வந்து, 1912-ல் ஒரு ஜெப ஆலயம் கட்டினார்கள். 1938 நவம்பரில் நாஜிகள் அதைக் கொளுத்தினார்கள். அதே இடத்தில் 2019 பிப்ரவரியில் புதிய ஆலயம் திறந்தது. முதல் ஆலயம் இடிபட்டுச் சரியாக 500 ஆண்டு.

டஹாவ் சதுக்கத்தில் ஒரு பாதிரியார்

ஜெர்மனியின் பல பழைய நகரங்கள் போரில் சாம்பலாகி, பிறகு திருப்பிக் கட்டப்பட்டவை. ரேகன்ஸ்பர்க்கின் போர் விமானத் தொழிற்சாலையிலும் ரயில் பாதையிலும் குண்டு விழுந்தது, மக்கள் இறந்தார்கள். ஆனால் பழைய ஊர் பெரும்பாலும் தப்பியது. 1945 ஏப்ரலில் அதுவும் போயிருக்க வேண்டியது.

அமெரிக்கப் படைகள் நெருங்கிக்கொண்டிருந்தன. கடைசி மூச்சுவரை சண்டையிட வேண்டும் என்றார் நாஜிக் கட்சித் தலைவர். அப்படியென்றால் பீரங்கிகள் ஊரைத் தரைமட்டமாக்கிவிடும். ஏப்ரல் 23 அன்று மாலை, சண்டையில்லாமல் ஊரை ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டு மக்கள் தெருவில் கூடினார்கள். பெண்கள்தான் அதிகம், குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பேராலயத்தின் பிரசங்கியார் ஜொஹான் மையர் கூட்டத்தை அமைதிப்படுத்திப் பேச எழுந்தார். கலகம் வேண்டாம், கேட்டுக்கொள்வோம் என்று சொல்லத் தொடங்கியவரைப் பேச்சின் நடுவிலேயே கைது செய்தார்கள். இரவோடு இரவாக விசாரணை. விடியும் முன்பே தூக்கு. அவருக்கு 38 வயது. அவரோடு ஜோசப் ஸிர்கல் என்ற முதியவரையும் தூக்கிலிட்டார்கள். மிக்கேல் லோட்னர் என்ற ஓய்வுபெற்ற காவலரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அதே 23-ஆம் தேதிதான் பாலத்துக்கும் அடி விழுந்தது. எதிரி நுழையக்கூடாது என்று ஜெர்மன் ராணுவமே வெடி வைத்தது. எட்டு நூற்றாண்டு வெள்ளத்துக்கும் பனிக்கட்டிக்கும் தாங்கிய பாலத்தின் சில வளைவுகள் நதியில் சரிந்தன. அதற்கு முந்தைய வாரங்களில், ஸ்டாட்டாம்ஹோஃபில் ஒரு விடுதியில் அடைத்து வைக்கப்பட்டிருந்த சுமார் 400 வதைமுகாம் கைதிகள், குண்டு விழுந்த தண்டவாளத்தைச் சரிசெய்யத் தினமும் இந்தப் பாலத்தின் மேல்தான் நடத்திச் செல்லப்பட்டார்கள்.

மையர் இறந்து மூன்றாம் நாள், ஏப்ரல் 27 அன்று, சண்டையே இல்லாமல் ஊர் சரணடைந்தது. ராணுவத் தளபதி கிளம்பிப் போய்விட்டார். அந்தப் பெண்கள் கேட்டதும் இதைத்தான். நான்கு நாள் முன்னால் கேட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த இடத்துக்கு இப்போது டஹாவ் சதுக்கம் என்று பெயர். வரலாற்று அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. மூவரையும் நினைவுகூரும் சின்னமும் பக்கத்திலேயே உண்டு. சாலையில் போக்குவரத்து அதிகம் என்பதால் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம்.

மதியம்: படகில் வால்ஹல்லா

மனம் கனத்துப்போனவர்களுக்கு நதியே மருந்து. கோடை மாதங்களில் பாலத்துக்கு அருகிலிருந்து படகு கிளம்பும். முக்கால் மணி நேரத்தில் டோனாஸ்டாஃப் என்ற ஊர். அங்கே குன்றின் மேல், கிரேக்கக் கோயிலின் நகல்போல வெள்ளை வெளேரென்று நிற்கிறது வால்ஹல்லா. லுட்விக் மன்னர் கட்டி 1842-ல் திறந்த நினைவாலயம். 358 படிகள், முட்டி வலி உள்ளவர்கள் மேலேயே போய் நிற்கும் வண்டிப் பாதையைப் பயன்படுத்தலாம்.

உள்ளே ஜெர்மன் மொழி பேசிய பெருமக்களின் மார்பளவுச் சிலைகள். மன்னர்களும் தளபதிகளும்தான் ஆரம்பத்தில் அதிகம். பின்னால் ஐன்ஸ்டைன் வந்தார். நாஜிகளை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் கொடுத்ததற்காக 21 வயதில் தலை துண்டிக்கப்பட்ட மாணவி சோஃபி ஷால் 2003-ல் வந்தார். வரிசையில் கெப்ளரும் இருக்கிறார். சம்பளம் தராத பேரரசு போய்விட்டது. சலவைக்கல்லில் கெப்ளர் இருக்கிறார்.

படிகளில் உட்கார்ந்து கீழே பார்த்தால் டான்யூப் வளைந்து வளைந்து கிழக்கே போவது தெரியும். அங்கிருந்து பாஸாவ், வியன்னா, புடாபெஸ்ட், பெல்கிரேட் எல்லாம் தாண்டிக் கருங்கடலில் சேரும் நதி.

போகிறவர்கள் கவனத்துக்கு

மே முதல் செப்டம்பர் வரை நல்ல பருவம். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் போனால் கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பார்க்கலாம். ஒன்று, ஐரோப்பாவின் அஞ்சல் சேவையை நடத்திப் பெரும் செல்வம் சேர்த்த தூர்ன்-டாக்ஸிஸ் குடும்பத்தின் அரண்மனையிலேயே நடக்கும். ஆனால் குளிர்காலத்தில் வால்ஹல்லா படகு ஓடாது.

தெருவெல்லாம் உருளைக்கல் பாவியவை. குதிகால் செருப்பும் சக்கரப் பெட்டியும் படாதபாடு படும். நல்ல நடைக் காலணி அவசியம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். தேவையானதைச் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். குடும்பமாகப் போகிறவர்கள் பவேரியாவுக்குள் 'பயர்ன் டிக்கெட்' எடுத்தால், ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை நாள் முழுவதும் உள்ளூர் ரயில்களில் போகலாம். வேலை நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் செல்லும். அதிவேக ரயில்களில் செல்லாது. இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும்.

கிளம்பும் முன், இரண்டாம் நாள் மாலை, மறுபடி ஒருமுறை பாலத்துக்குப் போவது நல்லது. வெடி வைத்துத் தகர்த்த வளைவுகள் 1967-ல்தான் முழுதாகத் திரும்பக் கட்டப்பட்டன. 2010-ல் தொடங்கி எட்டு ஆண்டுகள் கல் கல்லாகச் சீர்செய்து, 2018-ல் பாலத்தைப் புதுப்பித்து முடித்தார்கள். வெயில் சாயும் நேரத்தில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு இளைஞர்கள் அரட்டை அடிக்கிறார்கள். தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தாத்தா ஏற்றத்தில் மூச்சு வாங்கி நிற்கிறார். கீழே தண்ணீர் சுழித்து ஓடுகிறது. குட்டி மனிதன் இன்னும் கையை நெற்றியில் வைத்துப் பேராலயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அங்கே ஒரு கோபுரத்தில் சாரம் கட்டி ஏதோ வேலை நடந்தால் ஆச்சரியமில்லை. அது இந்த ஊரில் முடியாத வேலை.